பால் சொசைட்டி மோடம்: ஒரு பழுதும் மூன்று வைத்தியங்களும்

கிராமத்துப் பால் உற்பத்தியாளர் கூட்டுறவுச் சங்கம் ஒன்றின் கணினியில் இணையம் நின்றுபோனது. கணினியில் ஓடுவது டெபியன் லினக்ஸ். இணையத்துக்கு 3ஜி காலத்து யுஎஸ்பி மோடம், ஹுவாவே ஈ1750. காலையும் மாலையும் உறுப்பினர்கள் ஊற்றும் பாலின் அளவு, கொழுப்பு, எஸ்என்எஃப் (கொழுப்பு நீங்கலான திடப்பொருள்) எல்லாம் அதில் பதிவாகி, வேளைக்கு ஒரு பட்டியலாக மாவட்டத்துக்குப் போக வேண்டும். போகாவிட்டால் பட்டுவாடா தள்ளிப்போகும். அப்போது பால் ஊற்றுகிறவர்கள் செயலாளரின் சட்டையைத்தான் பிடிப்பார்கள். மோடத்துக்குச் சட்டை கிடையாது.

எனக்கு முன்பே மூன்று பேர் அந்தக் கணினியைப் பார்த்திருந்தார்கள். மூவருமே ஏதோ ஒன்றைச் சரிசெய்துவிட்டுத்தான் போயிருந்தார்கள் என்பதுதான் இந்த வழக்கின் சிக்கல். மூலப் பழுது ஒன்றே ஒன்று, அதுவும் லினக்ஸுக்கு வெளியே இருந்தது. அதன் மேல் மூன்று வைத்தியங்கள் அடுக்கடுக்காக ஏறி, ஒவ்வொன்றும் தனியொரு பழுதாக மாறியிருந்தது. நான் கண்ட வரிசையிலேயே எழுதுகிறேன். பழுதுகள் தோன்றிய வரிசை அதுவல்ல.

விளக்கும் ஒலிபெருக்கியும்

செயலாளர் முதலில் சொன்னது மோடத்துக்கு ஆதரவாக: “தம்பி, விளக்கு பச்சையாகத்தான் எரிகிறது. மோடத்தில் கோளாறு இருக்க வழியில்லை.”

“முன்பும் பச்சைதானா அண்ணா?”

“முன்பெல்லாம் நீலம். கொஞ்ச காலமாகத்தான் பச்சை. நல்லதுதானே?”

நல்லதில்லை. இந்த வகை மோடங்களில் விளக்கின் நிறம் உடல்நலத்தைக் காட்டுவதில்லை, வலையமைப்பின் தலைமுறையைக் காட்டுகிறது. மூன்று விநாடிக்கு ஒருமுறை பச்சை மின்னினால் 2ஜி கோபுரத்தில் பதிவாகியிருக்கிறது, நீலம் மின்னினால் 3ஜி. இணைப்பு கிடைத்ததும் அதே நிறம் நிலைத்து எரியும். பச்சை என்றால் சரி, சிவப்பு என்றால் கோளாறு என்று பழகிய கண்ணுக்கு இது பிடிபடாது. முன்பு வந்த மூவரில் எவரும் நிறம் மாறியதைப் பற்றிக் கேட்கவில்லையாம்.

மேசைமேல் கணினியின் பழைய ஒலிபெருக்கி ஒன்று இருந்தது. நான் உட்கார்ந்திருந்த நேரத்தில் அதிலிருந்து இரண்டு மூன்று முறை ‘டட்-டட்-டட்-டர்ர்ர்’ என்று ஓர் இரைச்சல் வந்து போனது. கைபேசிக்கு அழைப்பு வருமுன் வானொலிப் பெட்டி கரகரத்த காலத்தை அறிந்தவர்களுக்கு அந்த ஓசை தெரியும். ஜிஎஸ்எம் கருவி தொடர்ச்சியாக ஒலிபரப்புவதில்லை. 4.615 மில்லி விநாடிக்கு ஒருமுறை, தன் முறை வரும்போது, 577 மைக்ரோ விநாடிக்கு மட்டும் வெடித்துவிட்டு ஓய்கிறது. அதாவது விநாடிக்கு 217 வெடிப்புகள். பக்கத்திலுள்ள ஒலிபெருக்கியின் கம்பி அதை வாங்கிக்கொண்டு உறுமுகிறது. 3ஜியில் இந்த விட்டுவிட்டு வெடிக்கும் வேலை இல்லை, ஆகவே உறுமலும் இல்லை. விளக்கும் ஒலிபெருக்கியும் ஒரே சேதியைச் சொன்னதைக் குறித்துவைத்துக்கொண்டு கணினிக்குள் போனேன்.

கடைசி வைத்தியம்: குறுந்தகடாகவே நின்ற மோடம்

யுஎஸ்பி கருவிகளைப் பட்டியலிடும் எல்எஸ்யுஎஸ்பி கட்டளை மோடத்தை 12டி1:1446 என்று காட்டியது. முன்பகுதி ஹுவாவேயின் எண். பின்பகுதியிலுள்ள 1446ஐப் பார்த்ததுமே பாதி விஷயம் விளங்கிவிட்டது: மோடம் இன்னும் மோடமாக மாறவே இல்லை.

இந்தக் கருவிகள் செருகியவுடன் தங்களைக் குறுந்தகடு இயக்கியாகத்தான் அறிமுகப்படுத்திக்கொள்ளும். விண்டோஸுக்கான டிரைவர் அந்தப் போலிக் குறுந்தகட்டில் இருக்கும். அது நிறுவப்பட்டதும் கருவிக்கு ஒரு ஆணை அனுப்பும், கருவி வேடம் கலைத்து மோடமாக மறுபடி தோன்றும். லினக்ஸில் அந்த ஆணையை அனுப்புவது யுஎஸ்பி மோட்ஸ்விட்ச் என்ற சிறு நிரல், ஜோசுவா டீட்ஸே எழுதியது. ஆணை என்பது 31 பைட் நீளமுள்ள ஒரு பொட்டலம். முதல் நான்கு பைட்டுகள் 55 53 42 43. எழுத்துகளாகப் படித்தால் ‘யு எஸ் பி சி’. யுஎஸ்பி சேமிப்புக் கருவிகளுக்குப் போகும் எந்தக் கட்டளைப் பொட்டலமும் இந்த முத்திரையோடுதான் தொடங்கும். உள்ளே இருக்கும் கட்டளை மட்டும் ஹுவாவேயின் சொந்தச் சரக்கு.

அந்த நிரல் இந்தக் கணினியில் இல்லை. ஏன் இல்லை என்பதை, மென்பொருள்களை நிறுவும் ஏபிடியின் வரலாற்றுப் பதிவு சொன்னது: மூன்றாவதாக வந்தவர் அதை வேரோடு நீக்கியிருந்தார். பழைய கணினிப் பதிவுகளைப் புரட்டியபோது காரணமும் தெரிந்தது. மோடம் அடிக்கடி துண்டிக்கப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு துண்டிப்புக்கும் அடுத்த வரியில் மோட்ஸ்விட்சின் பெயர் இருக்கிறது. துண்டித்ததே அதுதான் என்று அவர் முடிவு செய்துவிட்டார். உண்மையில் மோடம் தானாக அணைந்து எழும்போதெல்லாம் குறுந்தகடு வேடத்தில் எழும்; அதை மாற்ற மோட்ஸ்விட்ச் ஓடி வரும். விழுந்தவரைத் தூக்கிவிட வந்தவர்மேல் தள்ளிவிட்ட பழி.

நீக்கியதோடு நிற்காமல், மாற்றாக யுஎஸ்பி-சீரியல் டிரைவருக்கு ‘12டி1, 1446 இரண்டும் உன்னுடையவை’ என்று எழுதிய ஒரு வரியை, டிரைவர்களை ஏற்றும் மோட்ப்ரோப் அமைப்புக்குள் வைத்திருந்தார். இந்த வரி பல ஆண்டுகளாகக் கைமாறி வருகிறது. அதன் மோசமான குணம், பலித்ததுபோலத் தோற்றமளிப்பது. டிடிஒய்யுஎஸ்பி0 என்ற சீரியல் போர்ட் உண்மையாகவே பிறக்கும். ஆனால் அதன் மறுமுனையில் இருப்பது மோடம் அல்ல, குறுந்தகடு வேடம். மோடங்களை அழைக்கும் கட்டளையான “ஏடி”யைச் சொல்லி எத்தனை முறை கூப்பிட்டாலும் பதில் வராது. லினக்ஸின் மையமான கர்னலின் பதிவேடு டிமெஸ்ஜியில் இதற்கு ஓர் எச்சரிக்கையும் வந்திருந்தது: இந்த ‘ஜெனரிக்’ டிரைவர் சோதனைக்கும் முன்மாதிரிகளுக்கும் மட்டுமே உரியது, உங்கள் கருவியைச் சரியான டிரைவரில் சேர்க்கச் சொல்லி லினக்ஸ் யுஎஸ்பி குழுவுக்குத் தெரிவியுங்கள் என்ற பொருளில். கர்னல் இவ்வளவு வெளிப்படையாகப் பேசுவது அபூர்வம். படிக்கத்தான் ஆள் வேண்டும்.

அந்த வரியை நீக்கினேன். என் கைபேசியை யுஎஸ்பி வழியாக இணைத்து, அதன் இணையத்தில் மோட்ஸ்விட்சையும் அதன் தரவுத் தொகுப்பையும் மீண்டும் நிறுவினேன். மோடத்தைப் பிடுங்கிச் செருகியதும் 1446 மறைந்து 1001 வந்தது. பதிவேட்டில் ‘ஜிஎஸ்எம் மோடம் (1-போர்ட்)’ என்ற சொற்களோடு மூன்று போர்ட்டுகள் பிறந்தன. ‘ஜெனரிக்’ என்று வந்தால் தவறு, ‘ஜிஎஸ்எம் மோடம்’ என்று வந்தால் ‘ஆப்ஷன்’ என்னும் உரிய டிரைவர் பிடித்துவிட்டது. இதுபோன்ற மோடத்தோடு மல்லுக்கட்டுகிறவர்கள் எல்லாவற்றுக்கும் முன்னால் பார்க்க வேண்டியது இந்த வேறுபாட்டைத்தான்.

முதல் வைத்தியம்: ஒரே போர்ட்டில் இரண்டு வாய்

மூன்று போர்ட்டில் முதலாவது டயல் செய்வதற்கு, மூன்றாவது கட்டுப்பாட்டுக்கு. சீரியல் போர்ட்டோடு பேச உதவும் மினிகாம் நிரல் வழியாக முதல் போர்ட்டைத் திறந்து “ஏடி” என்று அடித்தேன். “ஓகே” வர வேண்டும். “ஓ” மட்டும் வந்தது. மறுமுறை ஒன்றுமே வரவில்லை. அடுத்த முறை “ஓகே” முழுதாக வந்தது.

பதில் சிதறுகிறது என்றால் அதே போர்ட்டில் வேறு யாரோ காது கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள். ஃபியூசர் கட்டளை இரண்டு பெயர்களைக் காட்டியது: மோடம்மேனேஜர், டபிள்யூவி-டயல். முதலாவது இருப்பது இயல்பு. இணைய இணைப்புகளை நிர்வகிக்கும் நெட்வொர்க்மேனேஜருக்காக மோடத்தைப் பராமரிப்பது அதன் தொழில். இரண்டாவது, மோடத்தில் டயல் செய்யும் தனி நிரல்; அதைக் கணினி தொடங்கும்போதே ஓடும்படி ஆர்சி.லோக்கல் கோப்பில் எழுதியிருந்தார்கள், அதுவும் செத்தால் மீண்டும் எழும்படி முடிவில்லாச் சுழலாக. கோப்பின் தேதியைப் பார்த்தால் மூன்று வைத்தியங்களில் இதுதான் மூத்தது.

சாதாரணப் பயனர் கணக்கில் ஓடியிருந்தால் டபிள்யூவி-டயலுக்கு ‘கருவி பயன்பாட்டில் உள்ளது’ என்ற மறுப்பு கிடைத்திருக்கும், குட்டு அன்றே வெளிப்பட்டிருக்கும். ஒரு சீரியல் போர்ட்டைத் தனியுரிமையாகத் திறக்க லினக்ஸில் வழி உண்டு, மோடம்மேனேஜர் அப்படித்தான் திறக்கிறது. ஆனால் அந்தத் தனியுரிமை, முழு அதிகாரம் கொண்ட ரூட் பயனரைக் கட்டுப்படுத்தாது. ஆர்சி.லோக்கல் ஓடுவது ரூட்டாக. கதவு பூட்டியிருப்பதே தெரியாமல் உள்ளே நுழைந்துவிட்டது. அதன் பிறகு மோடம் சொல்லும் ஒவ்வொரு எழுத்தும் யார் முதலில் படிக்கிறார்களோ அவர்களுக்கு. ஒருவர் “டயல்” என்பார், மற்றவர் அதே நேரம் “சமிக்ஞை எவ்வளவு” என்று கேட்பார். இப்படிப்பட்ட இணைப்பு சில நாள் கிடைக்கும், சில நாள் கிடைக்காது. எது எப்போது என்பதற்கு விதியே இருக்காது.

டபிள்யூவி-டயல் நல்ல கருவிதான். மோடம்மேனேஜரை நிறுத்திவிட்டு அதை மட்டும் வைத்துக்கொள்வதும் நேர்மையான ஏற்பாடு. இங்கே நான் மோடம்மேனேஜரை வைத்துக்கொண்டேன். மோடம் விழுந்து எழும்போது போர்ட்டின் எண் மாறினாலும் அது தேடிப் பிடித்துக்கொள்ளும். டபிள்யூவி-டயலின் அமைப்புக் கோப்பில் டிடிஒய்யுஎஸ்பி0 என்று எழுதியிருந்தால் அது அங்கேயே நின்றுகொண்டிருக்கும்.

நீலம் ஏன் பச்சையானது

ஆர்சி.லோக்கல் வரியை அகற்றி, மோடம்மேனேஜரையும் சற்று நிறுத்திவைத்து, கட்டுப்பாட்டு போர்ட்டில் மோடத்தோடு நேரடியாகப் பேசினேன். சிம் தயார், பின் எண் கேட்கவில்லை. ‘ஏடி+சிஎஸ்கியூ’வுக்கு 17 என்றது. அதை இரண்டால் பெருக்கி 113ஐக் கழித்தால் -79 டிபிஎம் (சமிக்ஞைத் திறனின் அலகு); குறை சொல்ல முடியாத சமிக்ஞை. ‘ஏடி+சிரெக்’ கேள்விக்கு 0,1: சொந்த வலையமைப்பில் பதிவாகியிருக்கிறது. ‘ஏடி^சிஸ்இன்ஃபோ’ கேள்விக்கு வந்த எண்களில் நான்காவது 3. அங்கே 5 இருந்தால் 3ஜி. 3 என்றால் ஜிஎஸ்எம், அதாவது 2ஜி.

3ஜி மட்டும் போதும் என்று மோடத்தைக் கட்டாயப்படுத்தினேன். விளக்கு தேடித் தேடி அலைந்தது, பதிவாகவில்லை. பிறகு தானியங்கி நிலைக்குத் திருப்பி, சுற்றிலுமுள்ள எல்லா வலையமைப்புகளையும் பட்டியலிடச் சொன்னேன். பட்டியலின் ஒவ்வொரு பதிவிலும் கடைசி எண் தொழில்நுட்பத்தைக் குறிக்கும். 0 என்றால் ஜிஎஸ்எம், 2 என்றால் 3ஜி. வந்ததெல்லாம் 0. ஒரு 2கூட இல்லை.

அந்த வட்டாரத்தில் 3ஜி இல்லாமல் போய்விட்டது. இதில் அதிசயம் எதுவும் இல்லை. இந்தியாவில் 2019 முதல் 3ஜி அலைவரிசைகள் 4ஜிக்குத் திருப்பப்பட்டு வருகின்றன. 2ஜியை மட்டும், சாதாரணக் கைபேசிக்காரர்களுக்காக, பல நிறுவனங்கள் விட்டுவைத்தன. 4ஜி கோபுரம் ஊருக்கு நடுவில் நின்றாலும் 3ஜி மோடத்தின் கண்ணுக்கு அது தெரியாது. செயலாளர் இடையில் ஒரு ஜியோ சிம்மையும் போட்டுப் பார்த்தாராம். 2016இல் 4ஜி மட்டுமாகவே தொடங்கிய சேவை அது; இந்த மோடத்தில் அந்தச் சிம்முக்குக் கோபுரமே இல்லை.

ஆகவே வேகம் குறைந்ததன் காரணம் தெரிந்தது. ஆனால் வேகம் குறைவது வேறு, இணைப்பே நிற்பது வேறு.

மூலப் பழுது

மோடம்மேனேஜரை மீண்டும் ஓடவிட்டு, நெட்வொர்க்மேனேஜர் வழியாக இணைத்தேன். இணைந்தது. விளக்கு பச்சையாக நிலைத்தது, ஒலிபெருக்கி உறுமியது. சில விநாடிகளில் விளக்கு அணைந்தது. பதிவேட்டில் ‘யுஎஸ்பி துண்டிப்பு’ என்ற வரி. அதன் கீழே மோடம் மறுபடியும் 1446 வேடத்தில் பிறந்து, மோட்ஸ்விட்ச் ஓடி வந்து, 1001 ஆகி, புது எண்களோடு போர்ட்டுகள். மூன்றாமவரைக் குழப்பிய அதே காட்சி இப்போது நேரடியாகக் கண்முன் நடந்தது.

நிரல்கள் ஒரு யுஎஸ்பி கருவியைக் கீழே தள்ள முடியும். ஆனால் அது பதிவேட்டில் வேறு மாதிரித் தெரியும். இங்கே கருவி தானாகவே, ஒலிபரப்பத் தொடங்கிய சற்று நேரத்தில், முன்னறிவிப்பின்றி மறைகிறது. இப்படி மறைவது மின்சாரம் போதாத கருவி.

மோடம் கணினியில் நேரடியாகச் செருகப்பட்டிருக்கவில்லை. சமிக்ஞைக்காக ஜன்னல் கம்பியில் கட்டி, 3 மீட்டர் நீட்டிப்புக் கேபிளால் இணைத்திருந்தார்கள். கேபிளைத் திருப்பி உறையிலுள்ள பொடி எழுத்தைப் படித்தேன்: 28ஏடபிள்யூஜி/1பி + 28ஏடபிள்யூஜி/2சி. 28ஏடபிள்யூஜி என்பது கம்பியின் தடிமன் அளவு, மெல்லிய கம்பி. முதல் பகுதி தரவுக்கான முறுக்கிய ஜோடி. இரண்டாவது மின்சாரம் போகும் இரண்டு கம்பிகள். தரவுக் கம்பி மெலிதாக இருக்கலாம், மின்கம்பி மெலிதாக இருக்கக் கூடாது. 28 அளவுக் கம்பியின் தடை மீட்டருக்கு ஏறத்தாழ 0.21 ஓம். போக 3 மீட்டர், வர 3 மீட்டர், ஆக மொத்தம் சுமார் 1.28 ஓம். யுஎஸ்பி 2 போர்ட் தர வேண்டிய உச்ச அளவான 500 மில்லி ஆம்பியர் ஓடினால் 0.64 வோல்ட் வழியிலேயே கரைந்துவிடும். ஒரு ஆம்பியர் ஒரு கணம் இழுத்தால் 5 வோல்ட்டில் கடைசியில் கிடைப்பது 3.7.

இதே கேபிள் ஆண்டுக்கணக்கில் ஒழுங்காக வேலை செய்தது என்று செயலாளர் சொன்னார். சொன்னது சரிதான், பொய்யில்லை. அந்த ஆண்டுகளில் மோடம் 3ஜியில் இருந்தது. 3ஜி கருவியின் ஒலிபரப்புத் திறன் வழக்கமாக 24 டிபிஎம், அதாவது கால் வாட், அதுவும் சீராக. 900 மெகாஹெர்ட்ஸ் ஜிஎஸ்எம்மில் கைக்கருவியின் உச்சத் திறன் 33 டிபிஎம்: 2 வாட். எட்டு மடங்கு. சராசரியாகப் பார்த்தால் பெரிதில்லை; ஆனால் அந்த 577 மைக்ரோ விநாடி வெடிப்பின்போது ஜிஎஸ்எம் மாட்யூல் ஒன்று 2 ஆம்பியர் வரை கேட்கும். மோடத்துக்குள் இருக்கும் மின்தேக்கிகள் அதில் பெரும்பகுதியைத் தாங்கிக்கொள்ளும். தேக்கிகள் மறுபடி நிரம்புவது அந்த மெல்லிய கம்பி வழியாகத்தான்.

கோபுரத்தில் 3ஜியை நிறுத்தினார்கள், மோடம் 2ஜிக்கு இறங்கியது, வெடிப்பு எட்டு மடங்கானது, கேபிள் கைவிட்டது. கணினியில் ஒரு எழுத்துகூட மாறாமல் கணினி ‘கெட்டுப்போன’ விதம் இதுதான். கணினியைப் பார்க்க வந்தவர்கள் கணினியில் தேடியதைக் குற்றம் சொல்லவும் முடியாது.

கேபிளின் முனையில் யுஎஸ்பி மீட்டர் ஒன்றைச் செருகிப் பார்த்தபோது அது 4.8 வோல்ட் என்று கவலையில்லாமல் காட்டியது. அந்த மீட்டர் விநாடிக்கு இரண்டு மூன்று முறை திரையைப் புதுப்பிக்கும் கருவி. விநாடிக்கு 217 முறை விழுந்து எழுகிற மின்னழுத்தம் அதன் கண்ணில் படாது. மீட்டரை நம்பியிருந்தால் மறுபடியும் லினக்ஸுக்குள் இறங்கியிருக்க வேண்டியதுதான். கேபிளைக் கழற்றிவிட்டு மோடத்தைக் கணினியின் பின்பக்கப் போர்ட்டில் நேரடியாகச் செருகினேன். சமிக்ஞை 17இலிருந்து 11க்கு இறங்கியது, இணைப்பு விழவில்லை. மீண்டும் கேபிள், மீண்டும் விழுந்தது. அதற்குமேல் சாட்சி தேவையில்லை.

நேரடியாகச் செருகியே விட்டுவிடலாம் என்றால், சமிக்ஞை குறையக் குறைய மோடம் உரக்கக் கத்தும், மழைக்காலத்தில் 11 என்பது எட்டாகவும் ஆகும். ஜன்னலோரத்தில் தனி அடாப்டர் கொண்ட யுஎஸ்பி ஹப் ஒன்றை வைத்து, அதில் மோடத்தைச் செருகினோம். கேபிள் இனி தரவை மட்டும் சுமந்தால் போதும். ஒரு விஷயத்தை இங்கே கவனிக்க வேண்டியிருந்தது. கணினி யுபிஎஸ்ஸில் இருக்கிறது, ஹப்பின் அடாப்டரைச் சுவரில் செருகினால் மின்வெட்டின்போது கணினி நிற்காது, மோடம் நின்றுவிடும். காலைப் பால் நேரத்தில் மின்சாரம் போவது அந்த ஊரில் செய்தியே அல்ல. அடாப்டரையும் யுபிஎஸ்ஸுக்கே மாற்றினோம்.

இரண்டாம் வைத்தியம்: பூட்டிய கோப்பு

இணைப்பு இப்போது விழாமல் நிலைத்தது. எண் முகவரிக்கு அனுப்பிய பிங் என்ற சோதனைப் பொட்டலம் திரும்பி வந்தது. பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் எதுவும் திறக்கவில்லை. கோளாறு டிஎன்எஸ்ஸில், அதாவது பெயரை எண் முகவரியாக மாற்றித் தரும் சேவையில்.

டிஎன்எஸ் முகவரிகளை வைத்திருக்கும் ரிசால்வ்.கான்ஃப் கோப்பில் இரண்டு முகவரிகள் இருந்தன, அவை இப்போதைய சிம்முக்கு உரியவை அல்ல. நெட்வொர்க்மேனேஜர் ஏன் அவற்றை மாற்றி எழுதவில்லை? எல்எஸ்ஏடிடிஆர் கட்டளையில் கோப்பின் பெயருக்கு முன்னால் ‘ஐ’ என்ற ஒற்றை எழுத்து: மாற்ற முடியாத கோப்பு. ரூட்டே வந்தாலும் அந்தக் குறியை எடுக்காமல் எழுத முடியாது. கோப்பின் தலையில் ஒரு குறிப்பும் இருந்தது, தவறான டிஎன்எஸ் 10.11.12.13 வருவதால் நிரந்தரமாகப் பூட்டப்பட்டது என்று.

குறிப்பு எழுதி வைத்த அந்த மனிதருக்கு என் மரியாதை. மூவரில் காரணத்தை விட்டுச்சென்றவர் அவர் ஒருவரே. அவர் பார்த்ததும் கற்பனை இல்லை. டயல் இணைப்புக்கான பிபிபி முறையில் இணையும்போது கணினிக்கும் மோடத்துக்கும் இடையே முகவரிப் பேச்சுவார்த்தை நடக்கும். வலையமைப்பிடமிருந்து உண்மையான டிஎன்எஸ் வந்து சேருமுன் கணினி அவசரப்பட்டுக் கேட்டால், மோடங்கள் நேரம் கடத்துவதற்காக 10.11.12.13, 10.11.12.14 என்ற பொம்மை முகவரிகளைக் கொடுக்கும். பழைய பிபிபி நிரல் அவற்றை உண்மையென்று ஏற்றுக்கொண்டுவிடும். நெட்வொர்க்மேனேஜரின் மூல நிரலில் இதற்கென்றே ஒரு சோதனை எழுதப்பட்டது. இந்த இரண்டு முகவரிகளும் வந்தால் அவற்றைத் தூக்கி எறிந்துவிட்டு 4.2.2.1, 4.2.2.2 இரண்டையும் போட்டுக்கொள்ளும். ஆனால் அந்தக் கணினியில் அப்போது டயல் செய்துகொண்டிருந்தது, முதலாமவர் புண்ணியத்தில், டபிள்யூவி-டயல். அந்தக் காப்பு அதற்குக் கிடையாது.

பிபிபியின் பதிவேட்டில் 10.64.64.64 என்ற இன்னொரு முகவரியும் வரும். அதைப் பார்த்துப் பதறுகிறவர்கள் உண்டு. எதிர்முனை தன் முகவரியைச் சொல்லாதபோது பிபிபி தானாக இட்டுக்கொள்ளும் பெயரளவு முகவரி அது. தீங்கில்லாதது, விட்டுவிடலாம்.

அவர் பூட்டியது அன்றைய சிம் நிறுவனத்தின் டிஎன்எஸ் முகவரிகளை. அவை தம் சந்தாதாரர்களுக்கு மட்டுமே பதில் சொல்லும் வகை. இணைப்பு விழுவது தொடர்ந்ததால் சங்கம் வேறு நிறுவனத்தின் சிம்முக்கு மாறியது. பூட்டு மட்டும் பழைய நிறுவனத்துக்கு விசுவாசமாக இருந்தது. குறியை நீக்கி, கோப்பை நெட்வொர்க்மேனேஜரிடமே ஒப்படைத்தேன். ஏபிஎன் பெயரும் (சிம் நிறுவனத்தின் இணைய வாசலின் பெயர்) பழைய சிம்முக்கானது, அதையும் மாற்றினேன்.

2ஜி போதுமா

போதும், பட்டியலுக்கு. ஒரு வேளைப் பட்டியல் சில கிலோபைட்டுகள்தான். 2ஜியின் தரவு முறையான எட்ஜில் நான்கு நேரத்துண்டுகளும் கிடைத்தால் கோட்பாட்டளவில் விநாடிக்கு 236.8 கிலோபிட். கிராமத்தில் அதில் கால்வாசி கிடைத்தாலும் பட்டியல் போய்விடும்.

அப்படியும் அன்று மாலைப் பட்டியல் பாதியில் நின்றது. இம்முறை யாரும் விழவில்லை. எந்த நிரல் இணைப்பைத் தின்கிறது என்று பார்த்தபோது டெபியனின் தினசரிப் புதுப்பிப்பு வேலை மென்பொருள் பட்டியல்களை இறக்கிக்கொண்டிருந்தது. 3ஜியில் கண்ணுக்குத் தெரியாத வேலை, 2ஜியில் முழுக் குழாயையும் அடைத்துக்கொண்டது. ஏபிடி-டெய்லி டைமரை நிறுத்தினேன். புதுப்பிப்பை யாராவது கைபேசியோடு வரும்போது கையால் செய்வது என்று ஏற்பாடு. பாதுகாப்புக்கு இது நல்லதல்ல என்பது தெரியும். பட்டியல் அனுப்புவதைத் தவிர வேறெதற்கும் அந்தக் கணினி வெளியே போவதில்லை என்பதால் ஒத்துக்கொண்டேன்.

சங்கத்துக்கு 4ஜி மோடம் வாங்கச் சொல்லியிருக்கிறேன். ஹுவாவேயின் ஈ3372 வகையாக இருந்தால் கதை வேறு. அதன் ஹைலிங்க் வடிவம் 1எஃப்01 என்ற எண்ணோடு செருகப்பட்டு 14டிசி ஆக மாறும். சீரியல் போர்ட், டயல், பிபிபி எதுவும் இருக்காது. கணினிக்கு அது ஓர் ஈதர்நெட் அட்டை, அதன் சொந்த முகவரி 192.168.8.1. சங்கத்தின் உள்வலையமைப்பு அதே 192.168.8 வரிசையில் இல்லை என்பதைப் பார்த்துவிட்டேன். அதன் இன்னொரு வடிவமான ஸ்டிக் கிடைத்தால் 3.13 முதலான கர்னல்களில் அதற்கான டிரைவர் உண்டு. மோட்ஸ்விட்ச் இரண்டுக்கும் வேண்டும். ஆகவே அதை யாரும் நீக்காமல் இருக்க வேண்டும். 4ஜி கருவியின் உச்சத் திறன் 23 டிபிஎம், ஐந்தில் ஒரு வாட். கேபிளுக்கு அது சுமையே அல்ல. ஆனால் அந்த மோடமும் 4ஜி கிடைக்காத நேரத்தில் 2ஜிக்கு இறங்கத் தெரிந்ததுதான். இறங்கினால் அதே 2 வாட். ஹப்பைக் கழற்ற வேண்டாம் என்று செயலாளரிடம் சொல்லிவிட்டு வந்தேன்.